அங்கியாரிச் சண்டை: மூலம் காணாமற்போன ஒரு பிரதி

ஒரு மரப்பலகை. உயரம் 86 சென்டிமீட்டர், அகலம் 115 சென்டிமீட்டர். சன்னல் அளவுதான். அதில் நான்கு குதிரைவீரர்கள் ஒரு கொடிக்கம்பைப் பிடித்து இழுக்கிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவன் உடம்பை முறுக்கிக் கம்பைத் தன் முதுகுப்புறமாக இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான். முறுக்கின முறுக்கில் அவன் உடம்பு எங்கே முடிகிறது, குதிரையின் உடம்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அடுத்தவன் வாயைப் பிளந்து கத்துகிறான். எதிர்ப்பக்கம் இரண்டு பேர். குதிரைகள் முன்னங்கால்களைப் பின்னிக்கொண்டு கடித்துக்கொள்கின்றன. கீழே குளம்புகளுக்கு நடுவில் காலாட்கள்.

'தவோலா தோரியா' என்று இதற்குப் பேர். தோரியா குடும்பத்துப் பலகை. பதினேழாம் நூற்றாண்டில் ஜெனோவா நகரத்துத் தோரியா பிரபுக்களிடம் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பேர். லியோனார்டோ டாவின்சி ஃப்ளாரன்ஸ் நகரத்து அரசு மாளிகையின் மண்டபச் சுவரில் வரையத் தொடங்கிய 'அங்கியாரிப் போர்' என்ற பெரும் ஓவியத்தின் நடுப்பகுதியைப் பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர் பார்த்து வரைந்த சிறு பிரதி இது. மூலம் கிடையாது. சுவரில் கிடையாது, காகிதத்தில் கிடையாது. பிரதிகள் மட்டும் இருக்கின்றன.

படத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்ற வேண்டிய கேள்வி: இதில் ஜெயிப்பது யார்? சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆச்சரியம். ஓர் அரசு தன் வெற்றியைக் கொண்டாடுவதற்காகக் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் இது. அதிலிருந்து வெற்றியே இல்லாத ஒரு துண்டு மட்டும் எப்படி மிஞ்சியது? மிச்சம் பிடித்துவைத்தது யார்?

அதற்குமுன் 'பிரதி' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். எண்பதுகளின் கடைசியிலிருந்து தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் இந்தச் சொல் படாத பாடு பட்டிருக்கிறது. அமைப்பியல் வந்த வேகத்தில் 'டெக்ஸ்ட்' என்பதற்குப் பிரதி என்று போட்டோம். நாவல் பிரதி, கவிதை பிரதி, அப்புறம் உடம்பும் பிரதி, ஊரும் பிரதி என்றாகிவிட்டது. பத்திரப்பதிவு ஆபீசிலும் ஜெராக்ஸ் கடையிலும் அந்தச் சொல் பழையபடி நகல் என்ற பொருளிலேயே புழங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அர்த்தமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஒரே ஊரில் குடியிருந்தன. ஆனால் சொல்லுக்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. பிரதிநிதி என்றால் ஒருவருக்குப் பதிலாக வந்து நிற்பவர். பிரதிவாதி என்றால் எதிர்த்து வழக்காடுபவர். முன்னொட்டு ஒன்றேதான். ஒரு படத்தின் பிரதி அந்தப் படத்துக்குப் பிரதிநிதியா, பிரதிவாதியா? தோரியாப் பலகை விஷயத்தில் இந்தக் கேள்வி வெறும் வார்த்தை விளையாட்டல்ல.

1494இல் மெதிச்சி குடும்பத்தை விரட்டிவிட்டு ஃப்ளாரன்ஸ் பழையபடி குடியரசாயிற்று. குடியரசு என்றதும் நாம் நினைப்பதுபோல் எதுவுமில்லை. அப்பனோ பாட்டனோ பூட்டனோ பதவியில் இருந்தவர்களுக்குத்தான் பெருமன்றத்தில் இடம். அந்த மன்றம் கூடுவதற்கென்று கட்டிய மண்டபம்தான் இன்று 'ஐந்நூற்றுவர் மண்டபம்' என்று அழைக்கப்படுவது. அதன் சுவரில் குடியரசின் போர் வெற்றிகளைத் தீட்ட முடிவாயிற்று. 1503இல் லியோனார்டோவிடம் ஒரு போர்; அடுத்த ஆண்டு இளைஞர் மைக்கேல் ஏஞ்சலோவிடம் இன்னொரு போர். லியோனார்டோவுக்குக் கிடைத்தது 1440 ஜூன் 29இல் அங்கியாரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மிலான் படையை ஃப்ளாரன்ஸும் அதன் கூட்டாளிகளும் தோற்கடித்த சண்டை. 1504 மே மாதத்து ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து யாருடையது தெரியுமா? நிக்கோலோ மாக்கியவெல்லி. 'இளவரசன்' எழுதிய அதே ஆள். அப்போது அரசாங்கத்தில் செயலாளர். சம்பளம் மாதம் 15 ஃப்ளோரின்.

என்ன வரைய வேண்டும் என்பதற்கும் குறிப்புக் கொடுத்திருக்கிறார்கள். மாக்கியவெல்லியின் அலுவலகத்து எழுத்தர் எழுதிய போர்க்குறிப்பு லியோனார்டோவின் தாள்களுக்கு நடுவில் அகப்பட்டிருக்கிறது. எத்தனை குதிரைப் பிரிவு, எத்தனை காலாள், பாலத்தை யார் பிடித்தார்கள், யார் விட்டார்கள் எல்லாம் அதில் உண்டு. போருக்கு முன்னால் திருச்சபைப் படையின் தலைவர் கைகூப்பி வேண்டுவதும், மேகத்துக்குள்ளிருந்து புனித பேதுரு காட்சி தருவதும் கூட உண்டு. போர் நடந்த நாள் பேதுருவின் திருநாள். ஆகவே வெற்றிக்குத் தெய்வச் சம்மதமும் ஆயிற்று. அரசுகள் போரைச் சொல்லும் விதம் இதுதான்: தளபதி, பாலம், தெய்வம், கடைசியில் வெற்றி. நம்ம ஊர் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சட்டகம் புதிதல்ல.

இன்று நம் கையில் இருக்கும் எந்தப் பிரதியிலும் பேதுரு இல்லை. மேகம் இல்லை. பாலமும் இல்லை.

அந்தப் போர் எப்படிப்பட்ட போர் என்பது இன்னொரு வேடிக்கை. பின்னால் பதவி போய், குடியரசும் போய், திரும்பி வந்த மெதிச்சிகளிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு மாக்கியவெல்லி 'ஃப்ளாரன்ஸ் வரலாறு' எழுதினார். 1525இல் முடித்த அந்த நூலில் அங்கியாரிப் போர் வருகிறது. மணிக்கணக்கில் நடந்த அந்தச் சண்டையில் செத்தவன் ஒரே ஒருவன். அவனும் ஆயுதத்தால் சாகவில்லை, குதிரையிலிருந்து விழுந்து மிதிபட்டுச் செத்தான் என்று எழுதுகிறார். இந்தக் கணக்கை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். மாக்கியவெல்லிக்கு வேறு கணக்கு இருந்தது. கூலிப்படைகள் ஒன்றையொன்று நோகாமல் அடித்துக்கொள்ளும் நாடகக்காரர்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டும். குடிமக்களைக் கொண்டே படை அமைக்க வேண்டும் என்பது அவர் கட்சி, 1506இல் அப்படி ஒரு படையை அமைத்தும் காட்டினார். ஆக, மண்டபச் சுவருக்கு அது பெருவெற்றி, புத்தகத்துக்கு அது கேலிக்கூத்து. ஒரே சண்டை. இரண்டு கதையாடலிலும் அடிபட்டுச் செத்தவனுக்கு இடமில்லை. பெருமைப்படுத்துகிறவர்கள் மட்டும்தான் பிணத்தை மறைப்பார்கள் என்றில்லை, அம்பலப்படுத்துகிறேன் என்று வருகிறவர்களும் மறைப்பார்கள்.

இவர்களுக்கு நடுவில் லியோனார்டோ. அவரைச் சமாதானப் புறாவாக ஆக்கிவிட வேண்டாம். 1502இல் செசாரே போர்ஜியாவிடம் படைப் பொறியாளராக வேலை பார்த்தவர். பீரங்கி, கோட்டை, முற்றுகைக் கருவி என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டவர். அதே ஆள்தான் போரை மிருகத்தனமான பைத்தியம் என்றும் எழுதிவைத்தார். போரை எப்படி வரைய வேண்டும் என்று ஓவியர்களுக்கு அவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. அதில் வீரம் வருவதில்லை. புழுதி வருகிறது, புகையும் புழுதியும் காற்றில் எந்த உயரத்தில் எப்படிக் கலக்கும் என்பது வருகிறது. இரத்தம் புழுதியோடு சேர்ந்து சேறாவது, தோற்றவனின் புருவம் எப்படி உயரும், செத்தவனை இழுத்துப்போன தடம் மண்ணில் எப்படி இருக்கும் என்றெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதிக்கொண்டு போகிறார். அந்த நிதானம்தான் பயமுறுத்துகிறது. சுவரில் வந்து நிற்கும்போது அரசு கொடுத்த குறிப்புக்கும் அவருடைய சொந்தக் குறிப்புக்கும் இடையில் அவர் எதைத் தேர்ந்தார் என்பதைப் பிரதிகள் சொல்கின்றன.

1505 ஜூன் 6, வெள்ளிக்கிழமை, வண்ணம் தீட்டத் தொடங்கியதாகக் குறித்துவைத்திருக்கிறார். தூரிகையை வைக்கும்போதே வானிலை கெட்டது, மணி அடித்தது, மாதிரிப்படம் கிழிந்தது, தண்ணீர்ப் பானை உடைந்தது, சாயங்காலம் வரை மழை என்கிறது அந்தக் குறிப்பு. நம் கிராமத்து ஆள் என்றால் சகுனம் சரியில்லை என்று வேலையை நிறுத்தியிருப்பான். ஈரச் சாந்தில் வேகவேகமாக வரையும் வழக்கமான முறையை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தைச் சுவரில் ஏற்றப் பார்த்தார். பிடிக்கவில்லை. நெருப்பு மூட்டிக் காயவைத்ததாகவும், கீழே காய்ந்து மேலே வழிந்துவிட்டதாகவும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1506இல் மிலானுக்குப் போய்விட்டார். நகரத் தலைவர் சோதெரினிக்கு எரிச்சல்: காசை வாங்கிக்கொண்டு பெரிய வேலைக்குச் சின்ன ஆரம்பம் மட்டும் செய்துவிட்டுப் போய்விட்டான் என்று. 1512இல் மெதிச்சிகள் திரும்பினார்கள். பெருமன்றம் கலைந்தது. மண்டபத்தில் சிப்பாய்கள் தங்கினார்கள். 1513இல் ஒரு தச்சனுக்குக் கூலி கொடுத்த கணக்கு இருக்கிறது. லியோனார்டோ வரைந்த உருவங்கள் கெட்டுப்போகாமல் சுற்றிலும் பலகை அடித்ததற்கு. போரைப் புகழ வரைந்த படத்தைச் சிப்பாய்களிடமிருந்து காப்பாற்றப் பலகை!

பிரதிகள் வருவது இந்தக் கட்டத்தில். லியோனார்டோவின் மாதிரிப்படத்தையும் மைக்கேல் ஏஞ்சலோவின் மாதிரிப்படத்தையும் இளம் ஓவியர்கள் பள்ளிக்கூடம்போல் வைத்துக் கற்றார்கள். மைக்கேல் ஏஞ்சலோ எடுத்துக்கொண்டது 1364இல் பிசா நகரத்தோடு நடந்த கஷினாப் போர். அவரும் போரை வரையவில்லை. ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த சிப்பாய்கள் எதிரி வருகிறான் என்ற சத்தம் கேட்டு அம்மணமாகக் கரையேறும் கணத்தை வரைந்தார். சுவருக்கே அது போகவில்லை, மாதிரிப்படத்தோடு நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் கடைசியில் துண்டு துண்டாகக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று நமக்கு இருப்பது சங்காலோ என்ற ஓவியர் 1542 வாக்கில் சாம்பல் நிறத்தில் செய்த ஒரு சிறு பிரதி. இங்கிலாந்தில் நார்ஃபோக்கில் ஒரு பிரபு மாளிகையில் இருக்கிறது. எதிரெதிராக வந்திருக்க வேண்டிய இரண்டு பெரும் போர்களும் இப்போது இரண்டு சன்னல் அளவுக்கு வந்து நிற்கின்றன.

இந்தப் படி எடுத்தவர்கள் எதை எடுத்தார்கள் என்று பாருங்கள். அரசு கேட்ட வெற்றியை எடுக்கவில்லை. கொடிக்காக முட்டிக்கொள்ளும் நான்கு குதிரைகளை எடுத்தார்கள். லியோனார்டோ சுவரில் அவ்வளவுதான் வரைந்திருந்தார், எனவே அதைத்தான் எடுக்க முடியும் என்று சொல்லலாம். சரி. ஆனாலும் 1549இல் அன்தோன் பிரான்செஸ்கோ தோனி என்ற எழுத்தாளர் ஃப்ளாரன்ஸுக்கு வரும் நண்பருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று எழுதும்போது, பெரிய மண்டபத்தில் ஏறி லியோனார்டோவின் குதிரைகளும் ஆட்களும் சேர்ந்த கூட்டத்தைப் பார், அதிசயம் என்கிறார். 'நம் முன்னோர் மிலானை வென்றதைப் பார்' என்று எழுதவில்லை. ஐம்பது வருஷத்துக்குள் அரசு தன் படத்தைப் பறிகொடுத்துவிட்டது. பறித்தவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். குதிரைத் தசையை எப்படி வரைவது என்று கற்றுக்கொள்ள வந்த பையன்கள். அவர்களுக்கு அங்கியாரி எங்கே இருக்கிறது என்பதுகூட முக்கியமாக இருந்திருக்காது. அதிகாரத்தின் கதையாடல் இப்படி அலட்சியத்தாலும் உடையும் என்பதை நம் கட்டுடைப்புக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் யாராவது எதிர்த்தே உடைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இடதுபக்க இரண்டு பேர் மிலான் தரப்பு, வலதுபக்கம் ஃப்ளாரன்ஸ் தரப்பு என்று பேர் சொல்லியே அடையாளம் காட்டுகிறார்கள் ஆய்வாளர்கள். தெரிந்துகொண்டபிறகும் படம் மாறுவதில்லை. நான்கு முகத்திலும் ஒரே வெறி. மனிதன் முகத்திலும் குதிரை முகத்திலும் ஒரே வெறி.

1558இல் லுக்கா நகரத்து லொரென்ஸோ ஸாக்கியா இதைச் செதுக்குப்படமாக அச்சிட்டார். லியோனார்டோ தன் கையாலேயே தீட்டிய ஒரு பலகையிலிருந்து எடுத்தது என்று அதில் எழுதினார். இதை வைத்துக்கொண்டு தோரியாப் பலகையே லியோனார்டோவின் கைவேலை என்று சாதித்தவர்களும் உண்டு; விலை ஏறுமல்லவா! ரூபன்ஸ் பேரில் பாரிஸ் லூவரில் இருக்கும் புகழ்பெற்ற படத்தின் கதை இன்னும் விசேஷம். யாரோ பெயர் தெரியாத இத்தாலியர் எடுத்த படியை வாங்கி, அதன்மேல் தன் கையால் மையும் வண்ணமும் ஏற்றி, ஓரத்தில் காகிதம் ஒட்டிப் பெரிதாக்கினார் ரூபன்ஸ். அவர் பிறந்ததே 1577இல். சுவரில் இருந்ததை அவர் கண்ணால் கண்டதில்லை. இன்று உலகம் முழுவதும் புத்தகங்களில் 'லியோனார்டோவின் அங்கியாரிப் போர்' என்று அச்சாவது பெரும்பாலும் இந்தப் படம்தான்.

சுவருக்கு என்ன ஆயிற்று? 1563 தொடங்கி, மெதிச்சிக் கோமகன் முதலாம் கோசிமோவுக்காக ஜார்ஜோ வஸாரி மண்டபத்தையே மாற்றிக் கட்டினார். கூரையை உயர்த்தினார், சுவர் முழுக்கப் புதுப் போர்களைத் தீட்டினார். குடியரசின் வெற்றி இருந்த இடத்தில் கோமகனின் வெற்றி. அவற்றில் ஒன்று 1554இல் சியெனாப் படைகளையும் அவற்றோடு சேர்ந்திருந்த ஃப்ளாரன்ஸ் நாட்டுக் குடியரசுவாதிகளையும் கோசிமோவின் படை நசுக்கிய சண்டை. அந்தப் படத்தில் உயரத்தில் ஒரு பச்சைக் கொடி. அதில் மிகச் சின்ன எழுத்தில் இரண்டு வார்த்தை. தேடு, கிடைக்கும் என்று அர்த்தம்.

இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மௌரிஸியோ செராச்சினி என்ற பொறியாளர் பல்லாண்டு தேடினார். வஸாரி தன் குருநாதர்கள் போற்றிய படத்தை அழித்திருக்க மாட்டார், முன்னால் இன்னொரு சுவர் எழுப்பிப் பத்திரப்படுத்தியிருப்பார், 'தேடு' என்று நமக்குச் சாடை காட்டியிருக்கிறார் என்பது வாதம். 2011 கடைசியில் சாரம் கட்டி வஸாரியின் ஓவியத்தில் துளை போட்டு உள்ளே குழாய்க் கேமராவை விட்டார்கள். நேஷனல் ஜியாகிரஃபிக் பணம் கொடுத்தது, படமும் பிடித்தது. ஃப்ளாரன்ஸ் மேயர் மத்தேயோ ரென்ஸி, 2014இல் இத்தாலியின் பிரதமரானவர், முழு ஆதரவு. 2012 மார்ச்சில், இரண்டு சுவருக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது, உள்ளே கிடைத்த கறுப்பு நிறத்துகளில் மாங்கனீசும் இரும்பும் இருக்கின்றன, மோனலிஸாவிலும் அதே கலவைதான் என்று அறிவித்தார்கள். கலைவரலாற்றாளர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். இருக்கிற ஓவியத்தில் ஓட்டை போட்டு இல்லாத ஓவியத்தைத் தேடுவது என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். அந்த வருஷமே வேலை நின்றது, துளைகளை மூடினார்கள். 2020இல் சில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சுவரைத் தயார்செய்யும் பூச்சே பிடிக்கவில்லை, லியோனார்டோ அந்தச் சுவரில் வண்ணம் தீட்டவே இல்லை என்றார்கள். 1513இல் பலகை அடித்த தச்சன் கணக்கை இவர்கள் என்ன செய்வார்கள் என்று மறுதரப்பு கேட்கிறது.

ஒரு கட்டடத்துக்கு அடியில், ஒரு சுவருக்குப் பின்னால் மூலம் இருக்கிறது, இடித்தாவது அதை எடுத்தே தீர வேண்டும் என்ற வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1992 டிசம்பருக்குப் பிறகு நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஃப்ளாரன்ஸில் அது சில துளைகளோடு நின்றது என்பது பெரிய வித்தியாசம்தான். ஆசையின் அமைப்பு ஒன்று.

'தேடு, கிடைக்கும்' என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. அந்தச் சண்டைக்கு வந்த குடியரசுவாதிகள் விடுதலையைத் தேடிப் போவதைப் பற்றிய தாந்தேயின் வரி பொறித்த பச்சைக் கொடிகளோடு வந்தார்கள். தோற்றார்கள். 'விடுதலையைத் தேடினீர்களே, கிடைத்ததா?' என்பது ஜெயித்தவனின் நக்கல். அதைத்தான் வஸாரி கொடியில் எழுதினார். கொல்லப்பட்டவர்களைப் பார்த்துச் செய்த பரிகாசம் நானூற்றைம்பது வருஷம் கழித்துப் புதையல் வேட்டைக்கு வழிகாட்டியாகிவிட்டது. மூலத்தைத் தேடுகிறவன் கண்ணெதிரே இருப்பதைப் படிக்கத் தவறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்தக் கூத்தெல்லாம் நடந்த அதே 2012இல்தான் தோரியாப் பலகை இத்தாலிக்குத் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாட்டைவிட்டுச் சட்டவிரோதமாக வெளியே போன பலகை, கை மாறிக் கை மாறி, 1992இல் ஜப்பானில் டோக்கியோ ஃபூஜி கலை அருங்காட்சியகத்துக்கு விலையாயிற்று. இரு நாடும் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, பலகை இத்தாலிக்கு வந்தது. வசந்த காலத்தில் மூலத்துக்காகச் சுவரைக் குடைகிறார்கள்; குளிர்காலம் வருவதற்குள் பிரதி தானே வந்து சேர்கிறது. எந்தச் செய்திக்கு உலகம் தலைதிருப்பியது என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே வால்டர் பெஞ்சமினை இழுக்காமல் இருக்க முடியாது. 1936 கட்டுரையில் அவர் சொன்னதை நாம் அடிக்கடி பாதியாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். இயந்திரப் பிரதி மூலத்தின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்பது சரி. கையால் எடுத்த பிரதியைப் பற்றி அவர் சொல்வது வேறு. அதைப் போலி என்று முத்திரை குத்திவிட முடியும், மூலத்தின் அதிகாரம் அதன்முன் குலையாமல் நிற்கும் என்கிறார். அதற்கு மூலம் உயிரோடு இருக்க வேண்டுமே! மூலமே அழிந்துவிட்ட இடத்தில் கைப்பிரதியின் நிலைமை என்ன என்று பெஞ்சமினிடம் பதில் இல்லை. போத்ரியாரிடம் போனால் மூலமில்லாத பிரதி என்றதும் உற்சாகமாகிவிடுவார். எல்லாமே போலிப் பிம்பம் என்பார். அதையும் ஏற்க முடியவில்லை. மூலம் இல்லாமல் போவது வேறு, முதலிலிருந்தே இல்லாதது வேறு. சுவர் இருந்தது, சாரம் இருந்தது, வண்ணம் அரைத்தவனுக்குக் கூலி இருந்தது. ஒரு வரலாறு இருந்தது, அது மூடப்பட்டது. மூடியவன் பேரும் தெரியும். இதையெல்லாம் 'பிம்பம்' என்று ஒரே அடியாக அடித்துவிட்டால் கோசிமோவுக்கு வேலை மிச்சம்.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஒன்றும் திகைப்பு வரக்கூடாது. சங்கப் பாடல் எதற்கும் மூல ஏடு கிடையாது. பூச்சி அரிக்க அரிக்கப் பெயர்த்தெழுதிய ஏடுகளின் ஏடுகள்தான் உ.வே.சா. கைக்கு வந்தன. எழுதினவன் விட்டது, சேர்த்தது, தூங்கிவிழுந்தது எல்லாம் சேர்ந்ததுதான் நம் செவ்வியல். கோயில் கணக்கில் சொன்னால், மூலவர் அசைய மாட்டார், எல்லோரையும் உள்ளே விடவும் மாட்டார். சின்னதாக இருக்கிற உற்சவர்தான் தெருவுக்கு வருகிறார். (மூலவரின் பிரதி அல்ல உற்சவர் என்று ஆகமக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். எந்தெந்தத் தெருவுக்கு உற்சவர் வருவதில்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.)

சின்னப் பிரதிக்கு அதிகாரம் பயப்படுவதும் நடந்திருக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்து வாசலில் பிக்காஸோவின் 'கெர்னிகா'வைப் பார்த்து நெய்த ஒரு திரைச்சீலை 1985இலிருந்து தொங்கியது. 2003 பிப்ரவரி 5, ஈராக்கின்மேல் போருக்குப் போவதற்கு அமெரிக்காவின் காலின் பவல் நியாயம் பேச வந்த நாளில், அதை நீலத் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். மூலம் மாட்ரிடில் பத்திரமாக இருந்தது. மூட வேண்டியிருந்தது பிரதியைத்தான்.

ஆனால் தோரியாப் பலகையை நாம் கட்சி ஆளாக்கிவிடக் கூடாது. பிரதிகள் மெதிச்சிகளிடமும் தோரியாக்களிடமும் பெட்டகத்தில் இருந்தவைதான். வெற்றியை வெட்டி எறிந்த பிரதிகள் இன்னொரு வேலையும் செய்தன: வெறியை ஒரு பாணியாக்கின. ரூபன்ஸுக்குப் பிறகு ஐரோப்பாவில் எந்த அரசன் போர்ப்படம் வரையச் சொன்னாலும் இந்தக் குதிரைகள் வந்து காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அரசு இழந்ததை வட்டியோடு திரும்ப எடுத்துக்கொண்டது. எல்லாப் பக்கமும் ஒரே வெறி என்று சொல்வதிலும் ஒரு வசதி இருக்கிறது. யார் படையெடுத்தார்கள், யார் ஊர் எரிந்தது என்று கேட்காமல் 'போர் என்றாலே இப்படித்தான்' என்று பெருமூச்சு விட்டுப் போய்விடலாம். நல்லெண்ணக்காரர்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான்கு குதிரைவீரர்களும் படைத் தளபதிகள். அவர்கள் முகத்து வெறியை மனித இயற்கை என்று படிப்பது மேலே இருப்பவனை மட்டும் பார்க்கிற வாசிப்பு.

கீழே பார்க்க வேண்டும். 1550இல் வெளிவந்த தன் நூலில் வஸாரி இந்த ஓவியத்தை விவரிக்கும்போது குதிரைக் கால்களுக்கு நடுவில் தரையில் கிடக்கும் இரண்டு பேரைச் சொல்கிறார். ஒருவன் மேலே ஏறி உட்கார்ந்து, கழுத்தில் குத்துவதற்குக் கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தியிருக்கிறான். அடியில் கிடப்பவன் சாகாமலிருக்கக் கையாலும் காலாலும் முடிந்ததையெல்லாம் செய்துகொண்டிருக்கிறான். ரூபன்ஸின் தாளில் இவர்கள் நன்றாகத் தெரிகிறார்கள். மேலே இருக்கும் நால்வருக்கும் ஆய்வாளர்கள் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள், இவர்களுக்கு இல்லை. இவ்வளவு கவனமாக இவர்களைப் பார்த்து எழுதிய வஸாரிதான் பதின்மூன்று வருஷம் கழித்து அந்தச் சுவரை மூடியவர். மாக்கியவெல்லியின் கணக்கில் அன்று செத்த அந்த ஒரே ஆள், குதிரையிலிருந்து விழுந்தவன். இவனிடம் குதிரை கிடையாது.